வந்துட்டேன் வைரவன் இழுத்துக்கொண்டு கிடந்த கதை

முதலில் சத்தம்தான். கரக், கரக் என்று சுவருக்குள் எலி எதையோ சுரண்டுவதுபோல, பிறகு கொஞ்சம் நின்று, பிறகு மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டு நீளமாக ஒரு கரக். ராத்திரி டூட்டி முடிந்து வந்து நடைக்கதவைத் தள்ளியபடி நின்ற செண்பகவல்லிக்கு அது என்னவென்று கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை. கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவளுடைய பகல் தூக்கத்தைப் பிய்த்துப் பிய்த்துத் தின்ற சத்தம் அது. அவள் புருஷன் உலகநாதனின் நிப்பு வெள்ளை அட்டையில் ஓடுகிற சத்தம். உலகநாதனுக்குக் கருமாதி முடிந்து, வந்த சொந்தமெல்லாம் பஸ் ஏறிப் போய், லீவும் தீர்ந்து, அவள் அரசாங்க ஆஸ்பத்திரி ஆண்கள் வார்டு நர்ஸ் வேலைக்கு மறுபடி போய்த் திரும்பிய முதல் காலை அது.

அடுப்படியில் நாத்தனார் காந்திமதி டீ கொதிக்கவைத்துக்கொண்டிருந்தாள். அண்ணன் சாவுக்கு வந்தவள், மதினியைத் தனியாக விட்டுவிட்டு எப்படிப் போவது என்று தங்கிவிட்டவள்.

"விடியக்காலமே ஆரம்பிச்சிருச்சு மதினி," என்றாள் திரும்பிப் பார்க்காமல். "அண்ணனுக்கு வேலை பாக்கி இருக்கும்போல. உங்களுக்குச் சீனி போடவா, வேண்டாமா?"

செண்பகவல்லி கால் கழுவிவிட்டு வந்து உலகநாதன் படம் வரைகிற அறையின் கதவைத் திறந்தபோது சத்தம் அடங்கியிருந்தது. நாற்காலியில் யாரும் இல்லை. மேசையில் அட்டை இருந்தது. அட்டையில் மூன்று கட்டம் இருந்தது. மூன்று கட்டத்திலும், மை காயாத மினுமினுப்போடு, வைரவன் டவுன்பஸ்ஸுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரத்தில் அச்சாபீஸ் ஆள் தவசி வந்து சைக்கிள் மணியை அடித்தான். அட்டையை வாங்கி, வாயால் ஊதி ஊதிக் காயவைத்து, பார்த்துச் சிரித்து, அப்புறம்தான் ஞாபகம் வந்தவனாக முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "ஐயாவோட கைராசி இன்னும் போகலை பாருங்க சிஸ்டர்" என்று சொல்லிவிட்டு மிதித்துப் போனான். மறுநாள் 'கல்லூரணிச் சுடர்' ஆறாம் பக்கத்தில் அது வந்தது. ஊர் படித்தது. டீக்கடையில் ஒருவர், "உலகநாதன் செத்துட்டாருல்ல?" என்று கேட்டதற்கு இன்னொருவர், "அதுக்காக? பேப்பர் வரவேணாமா?" என்றார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

வைரவன் பிறந்த கதை ஊருக்கெல்லாம் தெரியும், ஆளுக்கு ஒரு விதமாகத் தெரியும். ஒரு ஜவுளிக்கடை விளம்பரம் கடைசி நேரத்தில் வராமல்போய், ஆறாம் பக்கத்தின் அடியில் ஒரு சாண் இடம் வாயைப் பிளந்துகொண்டு கிடக்க, "எதையாவது போட்டு அடைங்கய்யா" என்று முதலாளி கத்த, பிழைதிருத்துகிற மேசையில் இருந்த உலகநாதன், டீ வாங்கப் போனவன் திரும்பி வருவதற்குள் மூன்று கட்டம் போட்டு, ஒரு கையில் சாப்பாட்டுத் தூக்கும் இன்னொரு கையில் அவிழ்கிற வேட்டியுமாக ஓடிவரும் ஒரு ஆளை வரைந்து, "இந்தா வந்துட்டேன்!" என்று அவனைக் கத்தவிட்டார், மூன்றாம் கட்டத்தில் பஸ் போய்விட்டது. அவ்வளவுதான் வைரவன். அன்றையிலிருந்து தினமும் ஓடினான், தினமும் பஸ் போனது, மழையிலும் போனது, தீபாவளியன்றும் போனது, ஆட்சி மாறிய அன்றும் போனது. எழுத்துத் தெரியாத கறிகாய்க்காரிகள் அந்த ஒரு வாக்கியத்தை வைத்து எழுத்துக்கூட்டக் கற்றுக்கொண்டார்கள். நாள் தள்ளிப் பிறந்த பிள்ளையைப் பிரசவ வார்டில் 'வைரவன் பிள்ளை' என்றார்கள். முகூர்த்தம் தப்பி வந்த தாய்மாமனைப் பந்தலில் வைத்தே 'வந்துட்டாருய்யா வைரவன்' என்றார்கள். கல்லூரணி டவுன்பஸ் டிரைவர்கள் ஸ்டாப்பில் வண்டியை எடுக்குமுன் கண்ணாடியில் ஒரு தடவை பின்னால் பார்த்து, யாரும் வராவிட்டாலும் ஒரு மூச்சு நேரம் நிதானித்து, அப்புறம்தான் கியர் போடுவார்கள், அது வைரவனுக்கு என்று. வெளியூரிலிருந்து மாற்றலாகி வருகிற டிரைவருக்கும் பழையவர்கள் அதைச் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள்.

அப்படிப்பட்ட வைரவனுக்கு, நிப்பு தானாக ஓடத் தொடங்கிய கொஞ்ச நாளிலேயே ஓட்டம் குறைந்தது. முதலில் நடந்தான். பிறகு ஒரு மைல்கல்லில் உட்கார்ந்தான். பிறகு ஒரு நாள் முதல் கட்டத்தில் ஒரு கயிற்றுக்கட்டில் வந்தது, இரண்டாம் கட்டத்தில் அதில் படுத்தான், மூன்றாம் கட்டத்தில் எழுந்திருக்கவில்லை. அவன் தலைக்குமேல் பேச்சுக்கான வட்டம் மட்டும் காலியாகத் தொங்கியது, வாயைத் திறந்தும் வார்த்தை வராத மாதிரி. மறுநாளும் கட்டில். அதற்கு மறுநாளும்.

இழுத்துக்கொண்டு கிடக்கிறார் என்றது ஊர். ஓடினபோது 'அவன்' என்றவர்கள் படுத்ததும் 'அவர்' என்றார்கள். பேப்பர் வாங்காத வீடுகளிலிருந்தும் ஆட்கள் சலூனுக்கு வந்து ஆறாம் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "நேத்தைக்கு இன்னைக்கு நெஞ்சு கொஞ்சம் எறங்கியிருக்கே" என்று சொல்லிப் போனார்கள். இழுத்துக்கொண்டு கிடக்கிற உயிருக்கு அடியில் ஏதோ ஒரு ஆசை மாட்டிக்கொண்டிருக்கும் என்பதும், அதைக் கண்டுபிடித்து நாக்கில் வைத்தால் நிம்மதியாகப் பிரிந்துவிடும் என்பதும் கல்லூரணியில் யாரும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. பொன்னாசைக்குப் பொன்னை உரசி ஊற்றுவார்கள், மண்ணாசைக்கு மண்ணைக் கரைத்து ஊற்றுவார்கள். வைரவருக்கு என்ன ஆசை என்பதில்தான் ஊர் இரண்டுபட்டது, பிறகு நாலுபட்டது.

"இதென்ன கேள்வி, சன்னலோர சீட்டுதான்," என்றார் கண்டக்டர் துரைச்சிங்கம். மறுநாளே, வண்டி ஸ்டாண்டுக்குள் திரும்புவதற்கு முன்னாலேயே சன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடித்து, அதன்மேல் ஆறாம் பக்கத்தை விரித்து, காற்றில் பறக்காமல் நாலு மூலையிலும் சில்லறையை வைத்தார். வண்டி நாள் முழுக்க ஊரைச் சுற்றியது. நிற்க முடியாமல் உட்காரப்போன ஒருத்தரை வண்டியே சேர்ந்து அதட்டியது: "யோவ், ஆள் இருக்கு தெரியலை?" அடுத்த நாள் படத்தில் வைரவர் கட்டிலிலேயே இருந்தார், தலைமயிர் மட்டும் காற்றில் கலைந்திருந்தது.

மிட்டாய்க்கடைப் பிச்சைக்கனி ராவுத்தர், தூக்குவாளியோடு ஓடுகிற மனுஷன் ஒரு நாளாவது வாய்க்கு ருசியாகச் சாப்பிட்டிருப்பாரா என்று கேட்டு, சூடு ஆறாத அல்வாவைப் படத்தில் வாய் இருக்கும் இடத்தில் தடவினார். மறுநாள் படத்தில் வைரவர் மூக்குக்கு நேரே ஒரு ஈ பறந்தது. கல்யாண ஆசையாக இருக்கும், வாழைமரத்துக்காவது தாலி கட்டி வைப்போம் என்று ஒரு கட்சி கிளம்பியது. "அப்ப இத்தனை வருசமும் தூக்குல சோறு கட்டிக்கொடுத்தவ யாருடா, உங்க ஆத்தாளா?" என்று கறிகாய்க்காரிகள் கேட்டதும் அடங்கியது. மண்ணைக் கரைத்துத் தெளிக்கலாம் என்றால் எந்த மண்? பஸ் ஸ்டாண்டு மண்தான் அவர் மண். ஆனால் பஸ் ஸ்டாண்டு முழுக்க சிமெண்டாகிவிட்டதால் கழிப்பறைக்குப் பின்னால் கடப்பாரை போட்டு ஒரு கைப்பிடி தோண்டி, கரைத்து, தவசி மூலமாக அட்டையிலேயே தெளிக்க, கட்டிலுக்கடியில் சேறு நின்றது. வைரவருக்குச் சளி பிடித்ததுதான் மிச்சம். ஒருவேளை பிரிந்துவிட்டால் எரிப்பதா புதைப்பதா என்ற பேச்சு வந்தபோதுதான், அவர் என்ன ஆட்கள் என்பதை உலகநாதன் ஒரு கட்டத்தில்கூடச் சொல்லாமலே போயிருக்கிறார் என்பது ஊருக்கு உறைத்தது. கொஞ்ச நேரம் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அப்புறம் எழுந்து அவரவர் வேலைக்குப் போனார்கள்.

இவ்வளவுக்கும் நடுவில் தூங்க முடியாமல் கிடந்தது செண்பகவல்லி. முன்பெல்லாம் உலகநாதன் வெயில் ஏறுமுன் முடித்துவிடுவார். இப்போது கயிற்றுக்கட்டிலின் கயிறு ஒவ்வொன்றையும் போடவேண்டியிருந்தது, மூன்று கட்டத்திலும் போடவேண்டியிருந்தது, நிப்புக்கும் பழைய வேகம் இல்லை. விடிகாலை தொடங்கினால் மத்தியானம் தாண்டியும் கரக், கரக். காதில் பஞ்சை வைத்தாள். சத்தம் பஞ்சுக்குள் வந்து உட்கார்ந்தது. எதிர்வீட்டு மாடியில் போய்ப் படுத்தாள். தெருவைத் தாண்டி வந்தது. புரண்டாள், எழுந்தாள், தண்ணீர் குடித்தாள், படுத்தாள், மறுபடி எழுந்தாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் 'சுடர்' முதலாளி ஆண்டியப்பன் ஒரு பை சாத்துக்குடியோடு வந்தார்.

"யாருக்கு இது?" என்றாள்.

"அவருக்குத்தான்... நீங்களும் ஜூஸ் போட்டுக் குடிங்க சிஸ்டர்," என்று நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். "பேப்பர் முன்னைக்கு இப்ப நல்லாப் போகுது. வெளியூர்லேருந்தெல்லாம் கேக்குறாங்க, இன்னைக்கு எப்படி இருக்காருன்னு. அதனால, பால் ஊத்துறேன் அது இதுன்னு யாரையும் கிட்ட விட்டுறாதீங்க. இருக்கிறவரைக்கும் இருக்கட்டுமே. யாருக்கு என்ன தொந்தரவு?"

"எனக்குத்தான்."

"பஸ் ஸ்டாண்டுல ஒரு சிலை வைக்கவும் ஏற்பாடு பண்ணிக்கிட்டிருக்கோம்."

"ஆள் மூச்சோட கெடக்கும்போதே சிலையா?" என்று உள்ளேயிருந்து காந்திமதி கேட்டாள். முதலாளி சாத்துக்குடியை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த நாள் விடியும் நேரம் அது நடந்தது. வார்டில் ஜன்னலோரக் கட்டில்காரருக்குப் போடவேண்டிய ஊசியை ஏற்றிக்கொண்டு போனவள், பக்கத்துக் கட்டில்காரரின் கையைத் துடைத்து, நரம்பைத் தட்டி, ஊசி முனையைத் தோலில் வைத்துவிட்டாள். கிழவர் கண்ணைத் திறந்து, "தாயீ, எனக்கு இன்னைக்கு ஊசி இல்லைன்னு டாக்டரு சொன்னாரே" என்றார். அவள் ஊசியைப் பின்னுக்கு எடுத்தாள். அது அந்தக் கிழவரின் உடம்பு தாங்குகிற மருந்து இல்லை. வராந்தா பெஞ்சில் போய் உட்கார்ந்து, இன்னும் ஒரு நாள் இப்படித் தூங்காமல் வந்தால் நான் யாரையாவது கொன்றுவிடுவேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். யாரையாவது என்று சொன்னபோது அந்த வார்டிலிருந்த ஒவ்வொரு முகமும் வந்து போனது.

வீட்டுக்கு வந்தபோது சத்தம் தொடங்கியிருந்தது. படுக்கப் போகாமல், கொல்லைப்புறத்தில் நேற்றைய பேப்பரை விரித்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த காந்திமதிக்கு எதிரே உட்கார்ந்து, தானும் ஒரு கொத்தை எடுத்தாள். ஆஸ்பத்திரிச் சேலைகூட மாற்றவில்லை.

"ஆசையும் இல்லை, ஒண்ணும் இல்லை, காந்தி. நான் எத்தனை பேரைப் பாத்திருக்கேன். இழுத்துக்கிட்டே கெடக்கும். என்னடான்னு பாத்தா, போர்வைக்குள்ள மகளோ மருமகளோ காலைப் புடிச்சுக்கிட்டு விடமாட்டா. கையை எடும்மான்னு சொல்லி எடுத்துவிட்டா அடங்கிரும். இங்கயும் யாரோ காலைப் புடிச்சிருக்காங்க. ஊரே புடிச்சிருக்கு."

காந்திமதி கையிலிருந்த ஈர்க்கைத் தூரப் போட்டாள்.

"ஏன் மதினி, ஊரா வந்து தெனம் சாயங்காலம் மைக்கூட்டை நெரப்பி வைக்குது?"

"என்ன சொல்ற நீ?"

"டூட்டிக்குக் கெளம்புறப்ப சேலையைக் கட்டுறீங்க. டிபன்பாக்ஸை எடுக்குறீங்க. நேரா அண்ணன் ரூமுக்குப் போயி நிப்பைக் கழுவித் தொடைச்சு, மையை ஊத்தி, புது அட்டையை எடுத்து வெச்சிட்டு, 'வாரேங்க'ன்னு சொல்லிட்டுப் போறீங்க. கருமாதி முடிஞ்சு மொத நாளு கெளம்புனீங்கள்ல, அன்னையிலேருந்து. என்னடா இதுன்னு நெனச்சேன். சரி, புருசன் பொண்டாட்டிக்குள்ள ஆயிரம் இருக்கும், நமக்கென்னன்னு இருந்துட்டேன்."

செண்பகவல்லி தன் கையைப் பார்த்தாள். ஆஸ்பத்திரி சோப்பில் எத்தனையோ தடவை கழுவிய கை. நகக்கண்ணில் கறுப்பு இருந்தது. உருவாத கொத்தைப் பேப்பரில் வைத்துவிட்டு எழுந்தாள்.

உலகநாதன் வரையும்போது அந்தக் கதவை அவள் ஒரு நாளும் திறந்ததில்லை. பயமோ மரியாதையோ இல்லை, எரிச்சல். இன்றைக்குத் திறந்தாள். நிப்பு சாய்ந்த வாக்கில் அட்டைமேல் நின்றுகொண்டிருந்தது, பிடித்திருக்கும் கை இல்லாமல். கதவுச் சத்தத்துக்கு அது நின்று, அட்டையிலிருந்து ஒரு விரற்கடை உயர்ந்தது. யாராவது வந்தால் ஐயா அப்படித்தான் உயர்த்துவார் என்று தவசி சொல்லியிருக்கிறான். முதல் கட்டத்தில் கட்டில். இரண்டாம் கட்டத்தில் கட்டில். வைரவர் கண் மூடாமல் அவளைப் பார்த்தபடி கிடந்தார். மூன்றாம் கட்டம் காலி. மைக்கூட்டில் மை அடிமட்டத்துக்கு வந்திருந்தது. நிப்பு இறங்கி அதில் தோய்ந்தபோது கண்ணாடியில் முட்டும் சத்தம் கேட்டது. அலமாரியில் இருந்த பெரிய மைப்புட்டியை நோக்கி அவள் கை தானாகப் போனது. போய், மூடியைத் திருகவும் தொடங்கியது. அவள் அந்தக் கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டாள்.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஒரே ஒரு தடவை, எத்தனையோ வருஷத்துக்கு முன்னால், உலகநாதன் வைரவனைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டார். மூன்றாம் கட்டத்தில் வைரவன் படிக்கட்டில் நின்று வேர்வையைத் துடைத்தான். மறுநாள் வாசல் கொள்ளாத கூட்டம். அவன் ஏறிட்டா காலைல நாங்க எதைப் பாக்குறது என்று சண்டைக்கு வந்தார்கள், ஒரு பெண் அழுதேவிட்டாள், முதலாளி ஆள்மேல் ஆள் அனுப்பினார். உலகநாதன் உள்ளே போய், அது தப்பான பஸ் என்று வரைந்து, அடுத்த ஸ்டாப்பில் அவனை இறக்கிவிட்டார். அன்றைக்குச் சாயங்காலம், டூட்டிக்குப் புறப்பட்டவளை மறித்து, "கை ரொம்ப வலிக்குது செம்பா, போதும்னு தோணுது" என்றார். தைலம் அலமாரியில் இருக்கு என்று சொல்லிவிட்டு, கூட்டில் மையை ஊற்றி வைத்துவிட்டு, அவள் பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.

"ஏங்க," என்றாள் இப்போது.

நிப்பு அசையாமல் நின்றது.

"அன்னைக்கு நீங்க எங்கிட்ட கேட்டீங்க. எனக்கு வெளங்கலை. வெளங்கியிருந்தாலும் பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னுதான் போயிருப்பேன், அதையும் சொல்லிடுறேன்." நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். "இந்தச் சத்தத்தை நான் எவ்வளவு திட்டியிருப்பேன். திட்டிக்கிட்டே தெனம் மை ஊத்தியிருக்கேன். நின்னுட்டா வீட்டுல என்ன கேக்கும்னு பயந்துபோயி ஊத்தியிருக்கேன். இன்னைக்கு விடியக்காலம் ஒருத்தரைக் கொல்லப் பாத்தேங்க. போதும். ஊர் என்ன சொன்னாலும் நான் பாத்துக்கிறேன். அவரை விடுங்க. நீங்களும்..."

வெளியே கிளம்புகிற புருஷனிடம் 'போயிட்டு வாங்க' என்றுதான் வாய் பழகியிருந்தது. அந்த 'வாங்க' தொண்டைக்கு வந்துவிட்டது. அதைப் பல்லுக்குள் நிறுத்தி, விழுங்கி, "போங்க" என்று மட்டும் சொன்னாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அப்படிச் சொன்னதில்லை.

நிப்பு மூன்றாம் கட்டத்துக்குப் போனது. ஒரு கோடு போட்டது, மேலிருந்து கீழே, குட்டையாக. இன்னொன்று. இன்னும் இரண்டு. நாலாவது கோட்டின் நுனியில் மை தீர்ந்து, காய்ந்த முனை அட்டையைக் கீறியது. அப்புறம் அது மெதுவாகச் சாய்ந்து மேசைமேல் படுத்துக்கொண்டது. இரண்டாம் கட்டத்தில் வைரவர் கண்ணை மூடியிருந்தார். எப்போது மூடினார் என்று அவள் பார்க்கவில்லை.

தவசி வந்து அட்டையை வாங்கி, ஊத வாயெடுத்து, காய்ந்திருப்பதைப் பார்த்து ஊதாமலே கொண்டுபோனான். மறுநாள் ஆறாம் பக்கத்தில், மூன்றாம் கட்டத்தில், வெள்ளை வெளியில் அந்த நாலு கோடு வந்தது. ஊர் அதன்மேல் குனிந்தது. ஆள் இறங்கிப்போன வெறுங்கட்டிலின் நாலு கால் என்றது பாதி ஊர். அவர்கள் கடையடைத்தார்கள், குளித்தார்கள். துரைச்சிங்கமோ, பஸ் படிக்கட்டின் கம்பி தெரியலையா உங்களுக்கு, மனுஷன் ஏறி உள்ள போயிட்டாருய்யா என்றார். அவர் கட்சிக்காரர்கள் ராவுத்தர் கடையில் அல்வா வாங்கி ஊருக்கே கொடுத்தார்கள். துக்கத்துக்குக் குளித்தவர்களும் வாங்கித் தின்றார்கள். ஆண்டியப்பன் அந்த ஒரு சாண் இடத்தை விற்கப் பார்த்தார், எந்த விளம்பரக்காரரும் அதில் கால் வைக்கச் சம்மதிக்கவில்லை. இன்றைக்கும் அது வெறுமனேதான் வருகிறது. காலா கம்பியா என்று இன்றைக்கும் கல்லூரணியில் சம்பந்திகள் பேச்சை நிறுத்திக்கொள்கிறார்கள். டிரைவர்கள் கண்ணாடியைப் பார்ப்பதை நிறுத்தவில்லை. யாருக்காக என்று கேட்டால், யாராவது வருவாங்கள்ல என்கிறார்கள்.

அதெல்லாம் பிற்பாடு. அன்று காலை செண்பகவல்லி கதவைச் சாத்தாமல் வெளியே வந்தாள். வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. அந்த இல்லாத சத்தம் காதுக்குள் ஏறி, அறை அறையாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தது. காந்திமதி நிமிர்ந்து பார்த்தாள், ஈர்க்குகளைக் கூட்டி ஒதுக்கி இடம் விட்டாள்.

"போய்ப் படுங்க மதினி. இனிமே தூங்கலாம்ல."

"தூங்கணும்," என்றாள் செண்பகவல்லி. உட்கார்ந்தாள். முழங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். வைத்துவிட்டுப் போன கொத்து வெயிலில் லேசாக வாடியிருந்தது. அதை எடுத்து, நுனியைப் பிடித்து, கீழாக உருவினாள். இலைகள் பேப்பரில் விழுந்தன. ஈர்க்கைப் போட்டுவிட்டு அடுத்த கொத்தை எடுத்தாள்.